அக்காவைக் கவுண்டரிலிருந்து எழுப்ப அவசரப்படாதீர்கள், தம்பி

கல்முனையில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளையை நடத்தும் முகாமையாளர் ஒருவர், வைத்தியரான எனக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. கிளையில் 11 பேர். எல்லோரிலும் மூத்தவர் காசாளராக இருக்கும் பெண். 48 வயது, 19 வருட சேவை. "நான் புதிதாக வந்தபோது எனக்கு வேலை பழக்கியதே அவதான்" என்று எழுதுகிறார். ஏழு மாதமாக அந்த அக்காவிடம் மாற்றம் தெரிகிறது. ஏசி ஓடும் அறையில் வியர்த்துக் கொட்டுகிறது. எண்ணிக்கொண்டிருக்கும் காசை வைத்துவிட்டு வெளியே போய் நிற்கிறார். ஒரு நாள் காலை 11 மணிக்குத் தன் கதிரையின் மேல் ஒரு ஃபைலை வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். இன்னொரு நாள் ஒரு வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தார், பிறகு ஸ்டோர் அறையில் இருந்து அழுதார். மாலைக் கணக்கில் இரண்டு தடவை காசு குறைந்தது. முதலில் 5,000 ரூபா. அது மறுநாள் வேறொரு கட்டுக்குள் கிடைத்தது. அடுத்தது 2,000 ரூபா, அது கிடைக்கவில்லை. அக்கா தன் கைக்காசைப் போட்டுக் கணக்கை முடித்தார்.

பிராந்திய முகாமையாளர் தொலைபேசியில் சொன்னது: "வயசு போனா இப்படித்தான். திருகோணமலைக்கு மாத்துவம், இல்லாட்டி தானாவே ராஜினாமா எழுதித் தரச் சொல்லுங்க." வீட்டில் மனைவி, "இது மெனோபோஸ்தான்" என்கிறார். முகாமையாளர் என்னிடம் முக்கியமாகக் கேட்பவை நான்கு. இது மாதவிடாய் நிற்கும் காலத்துப் பிரச்சினைதானா? அக்காவிடமே நேராகக் கேட்டு வைத்திய அறிக்கை ஒன்று வாங்கலாமா? கொஞ்ச மாதம் பின் அறையில் ஃபைல் வேலைக்கு மாற்றினால் அவருக்கு ஆறுதலாக இருக்காதா? இரண்டு வருடத்தில் 50 ஆகி சேமலாப நிதியும் கிடைக்கும் என்பதால், இப்போதே விலகினால் அவருக்குப் பெரிய நட்டம் இல்லைதானே?

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அந்த அக்காவைத் துரத்துகிற எண்ணம் உங்களுக்கு இல்லை என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் நீங்கள் உதவி என்று நினைக்கிற இரண்டு விஷயங்கள் அவரை நோகடிக்கும். ஒன்று, அவருக்கு என்ன வருத்தம் என்று நீங்கள் கண்டுபிடிக்கப் போவது. மற்றது, அவரைக் கேட்காமல் அவருக்காக முடிவெடுப்பது.

பெயர் வைப்பது உங்கள் வேலையல்ல

உங்கள் மனைவி சொல்வது சரியாக இருக்கலாம். மாதவிடாய் நிற்பது பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் நடக்கிறது. தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று சொல்வோம். ஆனால் அதற்கு முந்தைய சில வருடங்களில்தான் பல பெண்கள் கூடுதலாகக் கஷ்டப்படுகிறார்கள். அந்தக் காலத்தில் ஈஸ்ட்ரஜன் ஒரே சீராகக் குறைவதில்லை, ஏறி ஏறி இறங்குகிறது. உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி அதனால் குழம்பி, சாதாரண அறைச் சூட்டையே அதிகம் என்று எடுத்துக்கொள்ளும். உடனே தோல் இரத்தக் குழாய்கள் விரியும், முகமும் கழுத்தும் தணல் மாதிரிச் சுடும், வியர்வை கொட்டும், பிறகு குளிரும். சில நிமிடம்தான். ஆனால் அதே வெக்கை இரவில் நான்கு தரம் எழுப்பினால், மறுநாள் நோட்டு எண்ணும்போது கவனம் எப்படி நிற்கும்?

எனக்கு 49 வயதில் இது வந்தது. வார்டில் ஒரு நோயாளியின் கட்டிலடியில் நிற்கிறேன், 20 வருடமாக எழுதிய மருந்தின் பெயர் வரவில்லை. நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வருகுதில்லை. அறிவு மங்குகிறதோ என்று அன்று இரவு முழுக்கப் பயந்து படுத்திருந்தேன். இந்த வயதில் வரும் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் மறதி நோயின் தொடக்கம் அல்ல என்று நோயாளிகளுக்குச் சொல்கிற எனக்கே, என் விஷயத்தில் அதை நம்ப நாளெடுத்தது. உங்கள் அக்காவுக்கு அதைச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால், தம்பி, இதே அறிகுறிகள் வேறு காரணத்தாலும் வரும். தைரொயிட் கூடினாலும் வியர்க்கும், படபடக்கும், கோபம் வரும். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவருக்குச் சீனி திடீரென்று இறங்கினாலும் வியர்த்து, தலை குழம்பும். மனச்சோர்வு இருக்கலாம், வீட்டில் நமக்குத் தெரியாத துக்கம் இருக்கலாம். கதிரையில் ஃபைலை வைத்துவிட்டுப் போன அந்த நாளைப் பற்றி நீங்கள் விளங்காமல் எழுதியிருக்கிறீர்கள். அன்று அவருக்கு எதிர்பாராமல் அதிக இரத்தப்போக்கு வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தொடர்ந்தால் இரத்தச்சோகை வரும், இரத்தச்சோகை மட்டுமே ஒருவரை இந்தளவுக்குக் களைக்கப் பண்ணும். ஆகவே "மெனோபோஸ்தான்" என்று கந்தோரில் ஒரு பெயர் வைத்துவிட்டால், பார்க்க வேண்டிய வருத்தம் பார்க்கப்படாமல் போகும். அந்த முடிவு வைத்தியருடையது. அதை யாரிடம் சொல்வது என்பது அக்காவுடையது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. அறிக்கை கேட்காதீர்கள். அவராக விரும்பி ஒரு வைத்தியக் கடிதம் கொண்டுவந்தால், அதில் வருத்தத்தின் பெயர் இருக்க வேண்டும் என்று இல்லை. "இடைவேளை தேவை, காற்றோட்டமான இடம் தேவை" என்று இருந்தால் உங்களுக்குப் போதும். அதையும் பூட்டுள்ள கோவையில் வையுங்கள். கிளை வாட்ஸ்அப் குழுவில் இதைப்பற்றி யாராவது பகிடி போட்டால், அன்றே தனியாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

பின் அறை ஆறுதலா?

"கொஞ்ச மாதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது மெனோபோஸ்தான் என்றால், இந்தக் கணக்கு தவறு. அமெரிக்காவில் பல வருடம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. அடிக்கடி வெக்கை அடிக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7 வருடத்துக்கும் மேலாக நீடித்தது என்று அதில் கண்டார்கள். சிலருக்கு ஒரு வருடத்தில் அடங்கிவிடும், சிலருக்கு 10 வருடமும் போகும். கொஞ்ச மாதம் என்று பின் அறையில் வைத்த ஆள் அங்கேயே மறக்கப்பட்டுவிடுவார்.

19 வருடம் கல்முனைச் சனம் அவரிடம் காசு கட்டியிருக்கிறது. சந்தைக்கு வருகிற மீன் வியாபாரியும், மருதமுனைக் கைத்தறிக்காரரும், பாண்டிருப்பு ஆசிரியரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாளைக்கு அந்தக் கதிரையில் வேறு ஆள் இருந்தால் ஊர் என்ன கேட்கும்? "காசு குறைஞ்சதாமே" என்று கேட்கும். உங்கள் மனதில் இருக்கிற இரக்கம் வெளியே ஒருவருக்கும் தெரியாது, தண்டனை மட்டும்தான் தெரியும். அவரே, "சேர், எனக்குக் கொஞ்ச நாளைக்கு வேறு வேலை தாங்க" என்று கேட்டால் அது வேறு கதை. அப்போது சம்பளமும் பதவிப் பெயரும் குறையாமல், திரும்பி வரும் திகதியும் எழுத்தில் இருக்க மாற்றிக் கொடுங்கள்.

50 வயது, சேமலாப நிதி, ராஜினாமா

நான் வைத்தியர்தான், சட்டத்தரணி அல்ல. ஆனாலும் கிளினிக்குக்கு வரும் வேலை செய்கிற பெண்களுக்காக இவற்றைத் தெரிந்து வைத்திருக்கிறேன். 50 வயது என்பது ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் பெண்களுக்கு உரிமை வரும் வயது. அதை ஓய்வு வயது என்று பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. உங்கள் அக்காவுக்கு இன்னும் 12 வருட வேலை இருக்கிறது.

இப்போது விலகினால் நட்டம் என்ன என்று பாருங்கள். மாதம்தோறும் நிறுவனம் போடும் 12 வீத சேமலாப நிதியும் 3 வீத நம்பிக்கை நிதியும் நின்றுவிடும். பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில், 19 வருடத்துக்கு ஒன்பதரை மாதச் சம்பளம் வரும். 60 வரை இருந்தால் 31 வருடத்துக்குப் பதினைந்தரை மாதச் சம்பளம், அதுவும் அப்போதைய கடைசிச் சம்பளத்தில். 48 வயதில் கல்முனையில் இன்னொரு காசாளர் வேலை எங்கே கிடைக்கும்? நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் எழுதப்படுகிறது. மகளுக்கு வீடு கட்டி முடிக்கிற வயதில் தாயின் சம்பளத்தை நிறுத்துவது என்பது முழுக் குடும்பத்தையும் அசைக்கிற விஷயம்.

நிறுவனத்துக்கும் ஆபத்து உண்டு, இதைப் பிராந்திய முகாமையாளருக்கு நீங்கள் சொல்ல வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், 12 மாதத்துக்குள் குறைந்தது 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கிளையில் 11 பேர்தானே என்று தப்ப முடியாது, நிறுவனம் முழுவதையும்தான் எண்ணுவார்கள். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவும் பணிநீக்கமாகவே பார்க்கப்படலாம். ஆறு மாதத்துக்குள் அவர் முறைப்பாடு செய்யலாம். இடமாற்ற நிபந்தனை நியமனக் கடிதத்தில் இருக்கலாம். ஆனால் உடம்பு முடியாத ஒருவரை 150 கிலோமீற்றருக்கு மேல் தூரத்துக்கு அனுப்புவது, தானாக விலக வைப்பதற்கான வழி என்று பார்க்கிற எவருக்கும் விளங்கும்.

மாதவிடாய் நிற்கும் காலத்துக்கென்று தனி விடுமுறை தரும் சட்டம் நம் நாட்டில் இல்லை. இருப்பது கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் வரும் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் சமயோசித லீவும்தான். ஆகவே மிச்சம் உங்கள் கையில் இருக்கிறது.

எப்படிக் கதைப்பது

"ஆம்பிளை நான் எப்படி இதைக் கேட்பது?" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மாதவிடாயைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை. வேலையைப் பற்றிக் கேளுங்கள். கந்தோர் மூடுகிற அவசரத்தில் வேண்டாம், கணக்குக் குறைந்த நாளில் வேண்டவே வேண்டாம். ஒரு அமைதியான காலையில், தேத்தண்ணி நேரத்தில், இப்படிச் சொல்லலாம்: "அக்கா, கொஞ்ச நாளா நீங்க களைச்சுப் போயிருக்கிற மாதிரித் தெரியுது. காரணம் எனக்குச் சொல்ல வேணும் எண்டு இல்ல. கவுண்டர்ல என்ன மாத்தினா உங்களுக்கு லேசா இருக்கும்?" பிறகு பேசாமல் இருங்கள். முதல் நாள், "ஒண்டும் இல்ல சேர்" என்றுதான் பதில் வரும். பரவாயில்லை. "சரி அக்கா, எப்ப வேணுமெண்டாலும் சொல்லுங்க. என்னட்டச் சொல்ல ஏலாட்டி எழுதித் தாங்க, இல்லாட்டி உதவி முகாமையாளர் மிஸ்ஸிட்டச் சொல்லுங்க" என்று கதவைத் திறந்து வையுங்கள். "இந்த வயசில எல்லாருக்கும் வாறதுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆறுதல் என்று நினைத்துச் சொல்லப்படுகிற இந்த ஒரு வசனம், அவருடைய கஷ்டத்தைக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் அவருக்குக் கேட்கும்.

பெண் ஊழியர் எல்லோரையும் கூட்டி ஒரு வைத்தியரை அழைத்துப் பேச வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல யோசனை, ஆனால் இப்போது வேண்டாம். இந்தச் சம்பவங்களின் சூட்டோடு வைத்தால் அது தன்னைச் சுட்டித்தான் என்று அவர் கூனிப்போவார். சில மாதம் போகட்டும். அப்போது ஆண்களையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். அவர்கள் வீட்டிலும் மனைவியும் தாயும் இருக்கிறார்கள்.

கவுண்டரில் மாற்றக்கூடியவை

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. காசு குறைந்த இரண்டு நாளும் வெள்ளிக்கிழமை. உதவிக் காசாளர் தம்பி ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற நேரம், அக்கா தனியாகக் கவுண்டரைப் பார்த்திருக்கிறார். பள்ளிவாசலுக்குப் போவது அந்தத் தம்பியின் உரிமை, அதில் குறை இல்லை. ஆனால் அந்த ஒன்றரை மணித்தியாலம் ஒரு ஆள், முழு வரிசை, எழும்பிப் போக வழியில்லை, தண்ணீர் குடிக்க நேரமில்லை. நல்ல உடம்போடு இருக்கிற ஆளுக்கும் அங்கே பிழை வரும். வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு இன்னொருவரைக் கவுண்டரில் போடுங்கள். நீங்களே போய் இருந்தாலும் நல்லது.

பெரிய தொகைகளை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்து வைக்கும் முறையைக் கொண்டுவாருங்கள். அக்காவுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். அப்போது சந்தேகம் என்ற சொல்லுக்கே இடமில்லை. கேட்டு அனுமதி வாங்காமல் மலசலகூடத்துக்குப் போய்வர அவரை விடுவிக்க ஒரு ஆள் எப்போதும் இருக்கட்டும். அங்கே தண்ணீரும் மூடியுள்ள ஒரு குப்பை வாளியும் இருக்கிறதா என்று பாருங்கள், அலுமாரியில் ஒரு பெட்டி நப்கினும் இருக்கட்டும். மேசையில் ஒரு சின்ன ஃபேன் பெரிய செலவு இல்லை. உங்கள் சீருடைச் சேலை பொலியெஸ்டர் என்று நினைக்கிறேன், அநேக நிறுவனங்களில் அப்படித்தான். கச்சான் காற்று அனல் மாதிரி அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் அந்தத் துணிக்குள் இருப்பது இளம் பிள்ளைகளுக்கே வேதனை. அதே நிறத்தில் பருத்திச் சேலையோ பருத்தி அபாயாவோ உடுக்க அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதுங்கள். நித்திரை இல்லாத இரவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் பிந்தி வர இடம் கொடுங்கள். அரச வைத்தியசாலை கிளினிக்குகள் காலையில்தான் நடக்கின்றன. அந்த அரை நாளுக்கு முகத்தைச் சுளிக்காமல் கையெழுத்து வையுங்கள்.

இதை வாசிக்கும் அக்காமாருக்கு

இந்தப் பகுதி உங்கள் கிளைக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, நாம் ‘வெல் வுமன் கிளினிக்’ என்று சொல்லும் இலவச கிளினிக் 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக நடக்கிறது. பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். எங்கே, எந்த நாள் என்று உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து பெண்நோயியல் நிபுணரிடம் அனுப்புவார்கள். கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்க, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நப்கின் நனைந்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, "வயசுக்கு அப்படித்தான்" என்று இருக்காதீர்கள். நின்று 12 மாதத்துக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்கள். பெரும்பாலும் சாதாரண காரணமாகவே இருக்கும், ஆனால் கருப்பைப் புற்றுநோய் இல்லை என்பதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஹோர்மோன் சிகிச்சை என்றதும் புற்றுநோய்ப் பயம் வருகிறது. 2002இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுதான் அந்தப் பயத்தைப் பரப்பியது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள், 60 வயதுக்குக் கீழ் இருக்கும், வேறு பெரிய வருத்தம் இல்லாத பெண்களுக்கு, அதிகக் கஷ்டம் இருந்தால் நன்மையே கூட என்பதுதான் இன்றைய வைத்திய நிலைப்பாடு. மார்புப் புற்றுநோய், பாரிசவாதம், கால் நாளத்தில் இரத்தக்கட்டி வந்தவர்களுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல. அவர்களுக்கு ஹோர்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அக்காவின் குளிசையை வாங்கி விழுங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

தம்பி, கடைசியாக அந்த 2,000 ரூபா. அது கிடைக்காதது அவருடைய குற்றம் என்று யாரும் தீர்க்கவில்லை, அவராகவே வெட்கத்தில் போட்டுவிட்டார். அந்த வெள்ளிக்கிழமையின் ரசீதுகளை நீங்களும் உதவிக் காசாளரும் இருந்து இன்னொரு தடவை பாருங்கள், அக்காவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு. பிழை அகப்பட்டால் அன்றே காசைத் திருப்பிக் கொடுங்கள். அகப்படாவிட்டால், தனி ஆளாகக் கவுண்டரில் விடப்பட்ட நேரத்தில் நடந்தது என்று எழுதித் தலைமையகத்திடம் அந்தத் தொகையைக் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை அக்காவின் கையில் கொடுங்கள்.